ரெப்ளிகேஷன் சுமையை எங்க இறக்கி வைக்கிறது? - வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல டேட்டாபேஸ் ஸ்லோ ஆகுறத பத்தி எழுதுனதுக்கு அப்புறம் வந்த கேள்வில பாதி ஒரே விஷயத்தைத்தான் சுத்துது. மெயின் சர்வர் ஏற்கனவே திணறிட்டு இருக்கு, அதுல ரெப்ளிகேஷன் (டேட்டா மாற மாற அத வேற சர்வர்கள்லயும் காப்பி பண்ணிகிட்டே இருக்கறது) வேற ஓடுது, அந்த வேலைய எப்படி வெளிய தள்றதுன்னு. அதனால இந்த தடவ அதுக்கு மட்டும் பதில். எஸ்கியூஎல் சர்வர், மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் எல்லாம் கலந்து வரும், உங்களுக்கு சம்பந்தமில்லாதத தாண்டிப் போயிடுங்க.

சார், எங்களுது கார்மெண்ட்ஸ் கம்பெனி. ஈஆர்பி (பில்லிங், ஸ்டாக், கணக்கு எல்லாம் பாக்குற சாஃப்ட்வேர்) எஸ்கியூஎல் சர்வர் 2016 ஸ்டாண்டர்ட்ல ஓடுது. நாலு யூனிட்டுக்கும் ஹெட் ஆபீஸ் ரிப்போர்ட் சர்வருக்கும் ட்ரான்ஸாக்ஷனல் ரெப்ளிகேஷன் போட்ருக்கோம், எல்லாமே அந்த ஒரே மெஷின்ல இருந்துதான் போகுது. காலைல பில்லிங் ஆரம்பிச்சா சிபியு 90க்கு மேல நிக்குது. வெண்டர் ராம் ஏத்துங்கிறார். ஏத்தலாமா, இல்ல ரெப்ளிகேஷனயே நிறுத்திடலாமா?
- பெயர் வேண்டாம், திருப்பூர்

ரெண்டும் வேண்டாம், கொஞ்சம் பொறுங்க. "எல்லாமே அந்த ஒரே மெஷின்ல இருந்துதான்"னு போற போக்குல எழுதிட்டீங்க பாருங்க, விஷயமே அதுதான். சமைக்கிறவரே பந்தியும் பரிமாறி அவரே இலையும் எடுக்குற கல்யாண வீடு மாதிரி இருக்கு உங்க சர்வர்.

அதுல இப்ப என்னென்ன ஓடுதுன்னு எண்ணிப் பாருங்க. ஒவ்வொரு மாத்தமும் வரிசையா பதிவாகுற ட்ரான்ஸாக்ஷன் லாக்க லாக் ரீடர் ஏஜெண்ட் படிச்சு, அனுப்ப வேண்டியத டிஸ்ட்ரிபியூஷன் டேட்டாபேஸ்ல எழுதுது. அந்த டேட்டாபேஸும் அதே டிஸ்க்ல உக்காந்திருக்கு, அதனால பில் ஒண்ணு போட்டா ஒரிஜினல் டேபிள்ல ஒரு தடவ, லாக்ல ஒரு தடவ, டிஸ்ட்ரிபியூஷன்ல இன்னொரு தடவ (அதுக்கும் தனி லாக் இருக்கு) எழுதியாகணும். அப்புறம் காப்பி வாங்குற அஞ்சு சப்ஸ்கிரைபருக்கும் புஷ் முறைல (இங்கிருந்தே தள்ளி விடுறது) அஞ்சு டிஸ்ட்ரிபியூஷன் ஏஜெண்ட், அனுப்பி முடிச்சத அழிக்க பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ ஓடுற க்ளீன்அப் ஜாப், யாராவது ரீஇனிஷியலைஸ் (முதல்ல இருந்து காப்பி) அமுக்குனா டேபிள முழுசா வெளிய எடுக்குற ஸ்னாப்ஷாட் ஏஜெண்ட். இதுல உங்க பில்லிங்குக்கு சம்பந்தப்பட்டது ஒண்ணுகூட இல்ல.

இந்த அனுப்புற வேலைய எல்லாம் செய்யற டிஸ்ட்ரிபியூட்டர தனி மெஷினுக்கு கொண்டு போங்க, ரிமோட் டிஸ்ட்ரிபியூட்டர்னு இதுக்குத்தான் பேரு. மைக்ரோசாஃப்ட் இத ஆரம்பத்துல இருந்தே வெச்சிருக்கு, ஆனா விஸார்டுல நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு அமுக்குனா அதே மெஷினையே டிஸ்ட்ரிபியூட்டரா போட்டுடும், நம்ம ஊர்ல பெரும்பாலான இடத்துல அப்படியேதான் இருக்கும். தனியா எடுத்ததும் டிஸ்ட்ரிபியூஷன் டேட்டாபேஸ், லாக் ரீடர் ப்ராசஸ், ஸ்னாப்ஷாட் ஜாப், க்ளீன்அப் எல்லாம் அங்க போயிடும். சப்ஸ்கிரிப்ஷன புஷ்ல இருந்து புல்லுக்கு (வாங்கறவரே இழுத்துக்கறது) மாத்துனா டிஸ்ட்ரிபியூஷன் ஏஜெண்டும் அந்தந்த யூனிட் மெஷின்ல ஓடும், டிஸ்ட்ரிபியூட்டருக்கும் சுமை குறையும். யூனிட்ல இருக்கறது எக்ஸ்பிரஸ் எடிஷனா இருந்தா அதுல ஏஜெண்ட் சர்வீஸ் கிடையாது, விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலர்ல போட்டு ஓட்டணும், அது ஒரு சின்ன தலைவலி. டிஸ்ட்ரிபியூட்டரா எக்ஸ்பிரஸ போட முடியாது, அதுக்கு லைசென்ஸ் வாங்கியே ஆகணும், பட்ஜெட் கேக்கும்போது மறக்காம அதையும் சேத்து கேளுங்க.

டிஸ்ட்ரிபியூட்டர் வெர்ஷன் பப்ளிஷர (டேட்டாவ அனுப்புற உங்க மெயின் சர்வர) விட பழசா இருக்கக் கூடாது, புதுசா இருக்கலாம். 2016க்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் 2026 ஜூலையோட முடியுது, அதனால புது மெஷின்ல புது வெர்ஷன போட்டுட்டா பின்னாடி மெயின் சர்வர அப்கிரேட் பண்றப்ப இந்தப் பக்கம் கை வைக்க வேண்டி வராது.

இனி கஷ்டமான பகுதி. லோக்கல்ல இருந்து ரிமோட்டுக்கு ஒரு பட்டன்ல மாத்த முடியாது, இருக்கற பப்ளிகேஷன் (எதெல்லாம் அனுப்பணும்ங்குற பட்டியல்), சப்ஸ்கிரிப்ஷன் எல்லாத்தையும் ஸ்கிரிப்டா எடுத்து வெச்சுட்டு முழுசா கழட்டிட்டு மறுபடி கட்டணும். கட்டும்போது ஸ்னாப்ஷாட்ல ஆரம்பிக்காதீங்க, பில்லிங் டேபிள் பெருசா இருந்தா அந்த ஸ்னாப்ஷாட்டே ஒரு நாள் வேலைய கெடுத்துடும். பப்ளிகேஷன்ல "இனிஷியலைஸ் ஃப்ரம் பேக்அப்" ஆப்ஷன ஆன் பண்ணி, பேக்அப்ப ரிஸ்டோர் பண்ணி அங்கிருந்து தொடருங்க, பேக்அப் எப்படியும் தினம் எடுக்கறதுதானே.

அப்புறம் எல்லாமே போயிடும்னு நினைக்காதீங்க. லாக் ரீடர் ப்ராசஸ் வேற மெஷின்ல ஓடுனாலும் லாக்க படிக்கற வேல மெயின் சர்வர்ல தான் நடக்கும், ஏன்னா லாக் இருக்கறது அங்கதான். இன்னொண்ணு இதவிட முக்கியம்: டிஸ்ட்ரிபியூட்டர் மெஷின் படுத்துடுச்சுன்னு வைங்க, லாக் ரீடர் படிக்காத பகுதிய மெயின் சர்வர் விடவே விடாது, லாக் பேக்அப் எடுத்தாலும் லாக் ஃபைல் வளந்துகிட்டே போகும். sys.databases-ங்குற வியூவுல லாக் ரீயூஸ் வெயிட்ங்குற ஃபீல்டுல "ரெப்ளிகேஷன்"னு காட்டும். ஆக, டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு ராத்திரி முழுக்க இல்லாம போனாலும் தாங்குற அளவு லாக் டிரைவ்ல இடம் இருக்கான்னு பாத்துட்டு மாத்துங்க. எங்க தள்ளுனாலும் லாக் எழுதுறதும், மத்தவன் படிச்சு முடிக்கற வரைக்கும் அத வெச்சுக் காப்பாத்துறதும் ப்ரொடக்ஷன் தலைலதான். கீழ வர எல்லா பதில்லயும் இதுவே வேற வேற வேஷத்துல வரும்.

மாத்துற வரைக்கும் நாளைக்கே செய்ய ரெண்டு விஷயம். பப்ளிகேஷன்ல இம்மீடியட் சிங்க் ஆன்ல இருக்கான்னு பாருங்க, இருந்தா எல்லா சப்ஸ்கிரைபருக்கும் போய்ச் சேந்த கமாண்டக்கூட ரிடென்ஷன் முடியற வரைக்கும், டிஃபால்ட்டா 72 மணி நேரம், அழிக்காம வெச்சிருக்கும், டிஸ்ட்ரிபியூஷன் டேட்டாபேஸ் வீங்குறதுக்கு பல இடத்துல இதுதான் காரணம். ரெண்டாவது, மாசக் கடைசில ரேட் மாத்தம்னு ஆறு லட்சம் வரிசைய (ரோ) ஒரே அப்டேட்ல மாத்துறீங்கன்னா அது ரெப்ளிகேஷன்ல ஒரு கமாண்டா போகாது, வரிசைக்கு ஒண்ணுன்னு ஆறு லட்சம் கமாண்டா போகும், அத அஞ்சு பேருக்கும் தனித்தனியா அனுப்பணும். அந்த அப்டேட்ட ஒரு ஸ்டோர்டு ப்ரொசீஜருக்குள்ள (சர்வர்லயே சேமிச்சு வெக்கிற எஸ்கியூஎல் நிரல்) வெச்சு, அந்த ப்ரொசீஜரோட எக்ஸிக்யூஷனையே ஆர்ட்டிகிளா (பப்ளிகேஷன்ல ஒரு ஐட்டமா) பப்ளிஷ் பண்ணலாம், அப்ப ஒரே ஒரு அழைப்பு மட்டும் போய் அங்கங்க லோக்கலா ஓடும். யூனிட்ல டேட்டா ஃபில்டர் போட்டிருந்தா, இல்ல யாராவது அங்க கையால எதையாவது மாத்தி வெச்சிருந்தா ரெண்டு பக்கமும் வேற வேற ரிசல்ட் வரும், அத மட்டும் பாத்துக்குங்க.

மைஎஸ்கியூஎல் 8, ஒரு மாஸ்டர், அதோட காப்பியா ஒம்போது ரெப்ளிகா, எல்லாம் நேரா மாஸ்டர்லயே தொங்குது. ரீட் அதிகமாகுதுன்னு இன்னும் மூணு கேக்குறாங்க. ஒவ்வொரு ரெப்ளிகாவுக்கும் மாஸ்டர்ல சுமை ஏறும்னு ஒருத்தர் சொல்றார், அதெல்லாம் ஒண்ணுமில்லைன்னு இன்னொருத்தர் சொல்றார். யார் சொல்றது சரி?
- சென்னையிலிருந்து ஒரு வாசகி

ரெண்டு பேரும் பாதி சரி. மாஸ்டர்ல ஷோ ப்ராசஸ்லிஸ்ட் போடுங்க, பின்லாக் டம்ப்னு ஒம்போது லைன் தெரியும், ரெப்ளிகாவுக்கு ஒரு த்ரெட் (பின்லாக்ங்கறது மைஎஸ்கியூஎல் மாத்தங்கள எழுதி வெக்கிற லாக்). எல்லாரும் லாக்கோட கடைசி முனைலயே படிச்சுட்டு இருந்தா அது மெமரில, ஓஎஸ் கேஷ்ல இருந்தே வந்துடும், சிபியு பெருசா எடுக்காது, அதனால "ஒண்ணுமில்ல"ன்னு சொன்னவர் அந்த நிலைமைல சரி. ஆனா ஒரு ரெப்ளிகா மெயின்டனன்ஸுக்குன்னு அஞ்சாறு மணி நேரம் நின்னுட்டு திரும்ப வருதுன்னா பழைய பின்லாக்க டிஸ்க்ல இருந்து படிக்க ஆரம்பிக்கும், அதே டிஸ்க்லதான் உங்க ஆர்டர் டேபிளும் இருக்கு, அப்பத்தான் கஸ்டமர் கேர்ல ஃபோன் அடிக்க ஆரம்பிக்கும்.

நெட்வொர்க் இன்னொரு பக்கம். கணக்கு சிம்பிள்: பின்லாக் பீக் நேரத்துல வினாடிக்கு 5 எம்பி எழுதுதுன்னா ஒம்போது பேருக்கு 45 எம்பி, பன்னெண்டுன்னா 60. ஒரு ஜிகாபிட் கார்டோட மொத்த அளவே 125 எம்பி தான், அதுல அப்ளிகேஷன் ட்ராஃபிக்கும் போகணும். உங்க அளவ பாக்க ஷோ பைனரி லாக்ஸ் போட்டு ஒரு மணி நேரத்துல எத்தன ஃபைல் உருளுதுன்னு பாத்தாலே போதும்.

தீர்வு, நடுவுல ரெண்டு ரெப்ளிகா வைங்க, மாஸ்டர் அந்த ரெண்டு பேர்கிட்ட மட்டும் பேசட்டும், மிச்சம் எல்லாத்தையும் அவங்க கீழ தொங்க விடுங்க. நடுவுல இருக்கறவங்க வாங்குனத தன்னோட பின்லாக்லயும் எழுதணும், லாக் ரெப்ளிகா அப்டேட்ஸ்னு செட்டிங், பழைய பேர்ல ஸ்லேவ்னு இருக்கும், 8ல டிஃபால்ட்டாவே ஆன். ஏன் ரெண்டு? ஒண்ணு மட்டும் இருந்து அது போச்சுன்னா கீழ இருக்கற அத்தனையும் அனாதை. ஜிடிஐடி (ஒவ்வொரு ட்ரான்ஸாக்ஷனுக்கும் எல்லா சர்வர்லயும் ஒரே அடையாள நம்பர்) போட்டு வெச்சிருந்தா கீழ இருக்கறத இன்னொண்ணுக்கு மாத்திவிட, பின்லாக்ல எதுவரைக்கும் படிச்சாச்சுன்னு ஃபைல் பேரு பொசிஷன்லாம் தேட வேண்டாம், ஆட்டோ பொசிஷன் பாத்துக்கும். ஜிடிஐடி இல்லாம இந்த மாதிரி அடுக்கு கட்டாதீங்கன்னு நான் அடிச்சு சொல்லுவேன், ராத்திரி ரெண்டு மணிக்கு பொசிஷன் கணக்கு போட்டுட்டு உக்காந்திருக்கறது யாருக்கும் வேண்டாம்.

இந்த அடுக்குல ஒரு குறை இருக்கு, முன்கூட்டியே தெரிஞ்சுக்குங்க. நடு ரெப்ளிகா ஒரு ட்ரான்ஸாக்ஷன தானே ஓட்டி கமிட் பண்ண அப்புறம்தான் தன் பின்லாக்ல எழுதும். மாஸ்டர்ல ஒரு ஆல்டர் டேபிள் (டேபிளோட அமைப்ப மாத்துறது) 10 நிமிஷம் எடுத்துச்சுன்னா நடுவுல இருக்கறதுலயும் சுமாரா 10 நிமிஷம், அது முடிஞ்ச அப்புறம்தான் கீழ இருக்கறதுக்கே அது போகும், அங்க இன்னொரு 10. ஆக மாஸ்டர்ல முடிஞ்சதுல இருந்து கடைசி ஆளுக்கு வந்து சேர 20 நிமிஷம். எவ்வளவு பின்தங்கியிருக்குன்னு பாக்க செகண்ட்ஸ் பிஹைண்ட் நம்பர நம்பாதீங்க, கீழ இருக்கறது தனக்கு நேர் மேல இருந்து இதுவரைக்கும் வந்து சேந்தத வெச்சுத்தான் கணக்கு பண்ணும், மேல ஆல்டர் ஓடிட்டு இருக்கப்ப கீழ ஜீரோன்னு சிரிச்சுகிட்டு நிக்கும். பெர்கோனாவோட பிடி-ஹார்ட்பீட் மாதிரி, மாஸ்டர்ல வினாடிக்கு ஒரு தடவ நேரத்த எழுதிட்டு அந்த வரிசை கீழ எப்ப வந்துச்சுன்னு பாக்கறதுதான் உருப்படி.

பழைய ப்ளாக்ல பிளாக்ஹோல் என்ஜின்னு ஒரு தந்திரம் படிச்சிருப்பீங்க. நடு மெஷின்ல எல்லா டேபிளையும் பிளாக்ஹோலா மாத்திட்டா டேட்டா சேமிக்காது, பின்லாக் மட்டும் எழுதி கீழ தள்ளும், சின்ன மெஷினே போதும்னு. பின்லாக்ல எஸ்கியூஎல் கமாண்டையே எழுதுற ஸ்டேட்மெண்ட் ஃபார்மட் காலத்துல அது ஓடுச்சு. 5.7ல இருந்து டிஃபால்ட்டே ரோ ஃபார்மட் (மாறுன வரிசைகள எழுதுறது), அதுல பிளாக்ஹோல் டேபிள் மேல வர அப்டேட்டும் டெலீட்டும் சத்தமில்லாம விட்டுப்போயிடும், இன்சர்ட் மட்டும் கீழ போகும். தயவுசெஞ்சு இப்ப ட்ரை பண்ணாதீங்க.

அந்த எண்ணத்தோட நல்ல வடிவம் பின்லாக் சர்வர். டேட்டாபேஸே இல்லாம, மாஸ்டர்கிட்ட ஒரு ரெப்ளிகா மாதிரி நடிச்சு பின்லாக்க அப்படியே வாங்கி டிஸ்க்ல வெச்சு, கீழ கேக்கறவங்களுக்கு மாஸ்டர் மாதிரி நடிச்சு குடுக்கும். எதையும் ஓட்டிப் பாக்காததால மேல சொன்ன 10 நிமிஷ டபுள் ஆகுற கதை இல்ல. புக்கிங்.காம் ஆளுங்க இத பெரிய அளவுல பயன்படுத்துனாங்க, மரியாடிபி பக்கம் மேக்ஸ்ஸ்கேல்ல இது ஒரு பகுதி, கூகிள் 2019ல ரிப்பிள்னு ஒண்ண ஓப்பன் சோர்ஸா விட்டுச்சு. பன்னெண்டு ரெப்ளிகாவுக்கு இது தேவையான்னு கேட்டா, என் அபிப்ராயத்துல தேவையில்ல, ரெண்டு நடு ரெப்ளிகா போதும். அம்பதத் தாண்டுனா யோசிங்க.

ஆங், பின்லாக் எத்தன நாள் வெக்கிறீங்கன்னும் பாருங்க, 8ல டிஃபால்ட் 30 நாள். பாயிண்ட்-இன்-டைம் ரெக்கவரிக்கு (டேட்டாவ குறிப்பிட்ட ஒரு நேரத்து நிலைமைக்கு திரும்பக் கொண்டு போறது) வேணும்னு மாஸ்டர்லயே குமிச்சு வெக்காதீங்க, மைஎஸ்கியூஎல்-பின்லாக் கமாண்டையே ரா, ஸ்டாப் நெவர் ஆப்ஷனோட வேற மெஷின்ல ஓட விட்டா வர வர அங்க காப்பி பண்ணிகிட்டே இருக்கும்.

மாங்கோடிபிலயும் இந்த மாதிரி அடுக்கு கட்டணுமா?
- கோவை

வேண்டாம், அது தானாவே செய்யும். ஒரு செகண்டரி (அங்க ரெப்ளிகாவுக்கு அதுதான் பேரு) இன்னொரு செகண்டரிகிட்ட இருந்து ஆப்லாக் (அதோட மாத்தப் பதிவு) வாங்கலாம், செயினிங்குனு சொல்லுவாங்க, டிஃபால்ட்டா அனுமதி உண்டு. யாரோ அத ஆஃப் பண்ணி வெச்சிருக்காங்களான்னு மட்டும் ரெப்ளிகா செட் கான்ஃபிக்ல பாருங்க.

அண்ணா, போஸ்ட்கிரெஸ்ல ரிப்போர்ட் எல்லாத்தையும் ஸ்டாண்ட்பைக்கு (ரெப்ளிகாவுக்கு) மாத்துனோம். பெரிய ரிப்போர்ட் ஓடும்போது "கான்ஃப்ளிக்ட் வித் ரெக்கவரி"ன்னு க்வெரி கேன்சல் ஆகுது. நெட்ல பாத்து ஹாட் ஸ்டாண்ட்பை ஃபீட்பேக் ஆன் பண்ணோம், கேன்சல் நின்னுடுச்சு. இப்ப என்னன்னா ப்ரைமரில டேபிள் சைஸ் ஏறிகிட்டே போகுது, ஸ்லோவும் ஆகுது. ஸ்டாண்ட்பைல ஓடுற ரிப்போர்ட்டுக்கும் ப்ரைமரிக்கும் என்ன சம்பந்தம்ணா?
- மதுரை

சம்பந்தத்த உண்டாக்குனதே அந்த செட்டிங்தான் தம்பி. ஃபீட்பேக்னா ஸ்டாண்ட்பை ப்ரைமரிக்கு "நான் இந்த பழைய வெர்ஷன இன்னும் படிச்சுட்டு இருக்கேன், அழிச்சுடாத"ன்னு சொல்லி அனுப்புறது. ரெண்டு மணி நேர ரிப்போர்ட் ஓடுனா ரெண்டு மணி நேரத்துக்கு ப்ரைமரில வேக்யூம் (தேவையில்லாத பழைய வரிசைகள சுத்தம் பண்றது) அதுக்கு அப்புறம் செத்த வரிசைகள தொட முடியாது. முன்வாசல் வழியா வெளிய அனுப்புன வேல கொல்லைப்பக்கமா உள்ள வந்துடுச்சு.

இதுக்கு நிறைய பேர் சொல்ற அடுத்த ஐடியா, அந்த ரிப்போர்ட் ஸ்டாண்ட்பைய நேரா ப்ரைமரில தொங்கவிடாம இன்னொரு ஸ்டாண்ட்பை கீழ தொங்கவிடுன்னு. அடுக்கு முறை 9.2ல, 2012லயே வந்துடுச்சு, நல்ல விஷயம்தான், ஆனா இந்த நோய்க்கு மருந்து இல்ல: ஃபீட்பேக் செய்தி அடுக்கு அடுக்கா மேல ஏறி கடைசில ப்ரைமரிக்கே போய்ச் சேரும்.

ரிப்போர்ட்டுக்குன்னு தனி ஸ்டாண்ட்பை வெச்சுக்க, அதுல ஃபீட்பேக்க ஆஃப் பண்ணு, மேக்ஸ் ஸ்டாண்ட்பை ஸ்ட்ரீமிங் டிலே டிஃபால்ட்டா 30 செகண்ட் இருக்கும், அத ரிப்போர்ட் ஓடுற நேரத்துக்கு ஏத்த மாதிரி கூட்டு, மைனஸ் 1 போட்டா எவ்வளவு நேரம் வேணா காத்திருக்கும். அப்ப என்ன ஆகும்னா ரிப்போர்ட் முடியற வரைக்கும் ஸ்டாண்ட்பை வந்த மாத்தங்கள அப்ளை பண்ணாம நிப்பாட்டி வெக்கும், டேட்டா பழசா இருக்கும். நேத்து வசூல் ரிப்போர்ட்டுக்கு ரெண்டு மணி நேரப் பழசு ஒரு பிரச்சனையே இல்ல. ஆனா இந்த மெஷின ஃபெயில்ஓவருக்கு (ப்ரைமரி படுத்தா அது இடத்துல ஏறி வேல பாக்க) நம்பாத, அதுக்கு வேற ஒண்ணு வேணும். ஒரே ஸ்டாண்ட்பைல ரெண்டையும் சமாளிக்கப் பாக்கறதுலதான் முக்கால்வாசி பேர் மாட்டுறாங்க.

மைஎஸ்கியூஎல் பதில்ல சொன்ன டபுள் டிலே இங்க கிடையாதுங்குறதையும் சொல்லிடுறேன். போஸ்ட்கிரெஸ் நடு ஸ்டாண்ட்பை தனக்கு வந்த வால் (போஸ்ட்கிரெஸ்ஸோட மாத்தப் பதிவு) லாக்க தான் அப்ளை பண்ற வரைக்கும் காத்திருக்காம வந்த கையோட கீழ அனுப்பிடும்.

ரெப்ளிகா ரெண்டு இருக்கு சார், அப்புறம் எதுக்கு பேக்அப் பேக்அப்னு உயிர எடுக்கறீங்க?
- ஈரோடு

உங்க உயிர எடுக்கறதுக்கு முன்னாடி கிட்லாப் (கோட் சேமிச்சு வெக்கிற இணைய சேவை, அவங்க டேட்டாபேஸும் போஸ்ட்கிரெஸ்தான்) கதைய சொல்லிடுறேன், அவங்களே ஒளிவுமறைவில்லாம வெளிய எழுதுனது.

2017 ஜனவரி 31. ப்ரைமரில திடீர் லோடு, அதனால செகண்டரி பின்தங்கிடுச்சு. செகண்டரி வாங்கறதுக்குள்ள ப்ரைமரி அந்த வால் ஃபைல அழிச்சுடுச்சு, ஆர்க்கைவும் போட்டு வெக்கல, ஆக ரெப்ளிகேஷன் அறுந்துபோச்சு, முதல்ல இருந்து காப்பி எடுத்தாகணும். அதுக்கு செகண்டரியோட டேட்டா டைரக்டரிய காலி பண்ணிட்டு பிஜி-பேஸ்பேக்அப் (டேட்டாபேஸ முழுசா காப்பி எடுக்கற டூல்) ஓட்டுனா அது ஒண்ணுமே சொல்லாம சும்மா நிக்குது. நிஜத்துல அது ப்ரைமரி டேட்டா அனுப்ப ஆரம்பிக்கறதுக்காக காத்திட்டு இருந்துச்சு, ஆனா ஸ்க்ரீன்ல ஒரு வரி வந்தாத்தானே தெரியும். ராத்திரி நேரம், களைப்பு, டைரக்டரில ஏதோ மிச்சம் இருக்குபோலன்னு நினைச்சு இன்ஜினியர் ஒருத்தர் மறுபடி அழிக்கிறார், ஆனா இந்த தடவ ப்ரைமரில. ஒண்ணு ரெண்டு செகண்ட்ல உணர்ந்து நிறுத்திட்டார், அதுக்குள்ள சுமாரா 300 ஜிபி போயிடுச்சு, மிச்சம் 4.5 ஜிபிதான்.

பேக்அப்ப தேடுனா, பேக்அப் எடுக்கற பிஜி-டம்ப் 9.6 டேட்டாபேஸுக்கு 9.2 வெர்ஷன் டூல வெச்சு ஓடி தினமும் ஃபெயில் ஆகிட்டு இருந்திருக்கு, அத சொல்ற மெயிலும் யாருக்கும் போய்ச் சேரல. ஸ்டேஜிங்குக்காக (டெஸ்ட் பண்ற மெஷினுக்காக) எதேச்சையா ஆறு மணி நேரத்துக்கு முன்னாடி ஒருத்தர் எடுத்த எல்விஎம் ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கோட அந்த நேரத்து காப்பி) தான் காப்பாத்துச்சு. அந்த ஆறு மணி நேர டேட்டா போனது போனதுதான்.

இதுல நம்ம தலைப்புக்கு ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, லாக்க எவ்வளவு நேரம் வெச்சிருக்கணும்ங்குற பழைய கேள்வி. ரெண்டாவது, ஒரு ரெப்ளிகாவ முதல்ல இருந்து கட்டுறதுதான் இருக்கறதுலயே பெரிய சுமை, அத திணறிட்டு இருக்கற ப்ரைமரில இருந்து எடுக்கணும்னு அவசியமில்ல. உருப்படியா ஓடிட்டு இருக்கற இன்னொரு ஸ்டாண்ட்பைல இருந்தே பிஜி-பேஸ்பேக்அப் எடுக்கலாம், 9.2ல இருந்தே முடியும். மைஎஸ்கியூஎல் 8.0.17ல வந்த க்ளோன் ப்ளக்இன்லயும் டோனரா ஒரு ரெப்ளிகாவ காட்டலாம். ரெப்ளிகா ரெண்டு வெச்சிருக்கற உங்களுக்கு இதெல்லாம் உதவும், ஆனா யாராவது டெலீட்ல வேர் (எந்த வரிசைய அழிக்கணும்ங்குற நிபந்தனை) போட மறந்தா அந்த ரெண்டுலயும் அடுத்த செகண்ட்ல அதே டெலீட் ஓடியிருக்கும் சார்.

டெபீசியம் (டேட்டாபேஸ் மாத்தங்கள உருவி எடுக்கற டூல்) வெச்சு போஸ்ட்கிரெஸ்ல இருந்து காஃப்காவுக்கு (செய்திகள வரிசையா வெச்சு பல பேர் படிக்கற சிஸ்டம்) தள்றோம். அனலிடிக்ஸ் டீமுக்கு ஒண்ணு, சர்ச்சுக்கு ஒண்ணு, இப்ப மார்க்கெட்டிங் தனியா ஒண்ணு கேக்குறாங்க. ஒவ்வொண்ணுக்கும் லாஜிக்கல் ஸ்லாட் (எதுவரைக்கும் படிச்சாச்சுன்னு சர்வர் வெச்சுக்கற குறிப்பு) ப்ரைமரில. இத ஸ்டாண்ட்பைக்கு மாத்த முடியுமா?
- பெங்களூர்ல வேல பாக்குற வாசகர்

முடியும், ஆனா முதல்ல மார்க்கெட்டிங்குக்கு மூணாவது ஸ்லாட் குடுக்காதீங்க. லாஜிக்கல் ஸ்லாட் ஒவ்வொண்ணுக்கும் தனி வால்சென்டர் (வால அனுப்புற ப்ராசஸ்), ஒவ்வொண்ணும் வால் முழுசையும் முதல்ல இருந்து டிகோட் பண்ணும், உங்களுக்கு வேணுங்குறது ரெண்டே ரெண்டு டேபிளா இருந்தாலும் சரி, வடிகட்டுறது டிகோட் பண்ண அப்புறம்தான். மூணு ஸ்லாட்னா ஒரே வேல மூணு தடவ. காஃப்காவ கைல வெச்சுகிட்டு இத பண்றது வீண், ஒரே ஸ்லாட்ல இழுத்து டாபிக்ல போடுங்க, மூணு டீமும் அங்க தனித்தனி கன்ஸ்யூமர் க்ரூப்பா படிச்சுக்கட்டும்.

அந்த ஒரு ஸ்லாட்டையும் ஸ்டாண்ட்பைக்கு தள்ளணும்னா வெர்ஷன் 16 வேணும், 2023 செப்டம்பர்ல வந்தது, அதுக்கு முன்னாடி லாஜிக்கல் டிகோடிங் ப்ரைமரில மட்டும்தான். அப்பவும் ப்ரைமரில வால் லெவல் லாஜிக்கல்னே இருக்கணும், அதனால கூடுற லாக் அளவு குறையாது. ப்ரைமரில வேக்யூம் கேட்டலாக் (டேபிள் விவரங்கள் இருக்கற சிஸ்டம் டேபிள்) வரிசைய அழிச்சுட்டா ஸ்டாண்ட்பைல இருக்கற ஸ்லாட் செல்லாம போயிடும், அதத் தடுக்க, மதுரை தம்பிக்கு ஆஃப் பண்ண சொன்ன அதே ஃபீட்பேக்க இங்க ஆன் பண்ணணும், ப்ரைமரிக்கும் ஸ்டாண்ட்பைக்கும் நடுவுல ஃபிசிக்கல் ஸ்லாட்டும் போடணும். அதனால இந்த ஸ்டாண்ட்பைல நீள ரிப்போர்ட் ஓட்ட விடாதீங்க. அப்புறம் ஸ்டாண்ட்பைல ஸ்லாட் உருவாக்குனா ப்ரைமரி ஐடிலா இருக்கறப்ப அது பாட்டுக்கு தொங்கிட்டு நிக்கும், பயப்படாதீங்க, ப்ரைமரில போய் பிஜி லாக் ஸ்டாண்ட்பை ஸ்னாப்ஷாட் ஃபங்ஷன ஒரு தடவ கூப்டா உடனே முடிஞ்சுடும்.

எங்க வெச்சாலும் யாரும் படிக்காத ஸ்லாட் டிஸ்க்க நிரப்பும். டெஸ்டுக்குன்னு ஒருத்தர் ஒரு கனெக்டர் போட்டுட்டு அப்படியே விட்டுட்டு போனா, அந்த ஸ்லாட்டுக்காக சர்வர் வால வெச்சுகிட்டே இருக்கும், டிஸ்க் நிரம்புனா டேட்டாபேஸே நின்னுடும். 13ல வந்த மேக்ஸ் ஸ்லாட் வால் கீப் சைஸ் டிஃபால்ட்டா மைனஸ் 1, அதாவது வரம்பே இல்ல. ஒரு வரம்பு போடுங்க. ஸ்லாட் செத்தா மறுபடி ஸ்னாப்ஷாட் எடுக்கணும், தொல்லைதான், ஆனா பில்லிங் நிக்கறதுக்கு அது தேவலாம்.

எங்களுது அரோரா (அமேசானோட க்ளவுட் டேட்டாபேஸ்). ரெப்ளிகா சேத்தா ரைட்டருக்கு (எழுதுற மெயின் மெஷினுக்கு) சுமை ஏறுமா?
- சிங்கப்பூர் வாசகர்

ரொம்ப கம்மி. அரோரா ரெப்ளிகாக்கள் எல்லாம் ஒரே ஸ்டோரேஜ பகிர்ந்துக்கறவை, 15 வரைக்கும் சேக்கலாம், அதுக்கு பின்லாக் தேவையே இல்ல. ஆனா வெளிய இருக்கற மைஎஸ்கியூஎல்லுக்கோ டெபீசியத்துக்கோ அனுப்பணும்னு பின்லாக்க ஆன் பண்ணீங்கன்னா அந்த எழுதுற வேல ரைட்டர் மேல வரும், ஆன் பண்றதுக்கு முன்னயும் பின்னயும் கமிட் நேரத்த அளந்து பாருங்க.

ராத்திரி பேக்அப் எடுக்கற மைஎஸ்கியூஎல்டம்ப்ப மாஸ்டர்ல இருந்து ரெப்ளிகாவுக்கு மாத்தலாமா? டம்ப்ல பொசிஷன் தப்பா வருமோன்னு பயமா இருக்கு.
- திருச்சி

தாராளமா மாத்துங்க. மாஸ்டர் டேட்டான்னு வழக்கமா போடுற ஆப்ஷன போட்டா அந்த ரெப்ளிகாவோட சொந்த பின்லாக் பொசிஷன்தான் வரும், உங்க பயம் நியாயம்தான். டம்ப் ஸ்லேவ் (புதுசுல டம்ப் ரெப்ளிகா) ஆப்ஷன் போடுங்க, எஸ்கியூஎல் த்ரெட்ட (வந்த மாத்தங்கள ரெப்ளிகால ஓட்டுறது) நிறுத்தி வெச்சுட்டு மாஸ்டரோட பொசிஷன எழுதிட்டு, முடிஞ்சதும் தானா ஓட விட்டுடும். டம்ப் ஓடுற நேரம் முழுக்க அந்த ரெப்ளிகா பின்தங்கும்ங்குறதால லோடு பேலன்ஸர்ல இருந்து அத அப்ப எடுத்துடுங்க, இல்லன்னா காலைல சீக்கிரம் கடை திறக்கறவங்க நேத்து ராத்திரி ஸ்டாக்க பாத்துட்டு உங்களுக்கு ஃபோன் பண்ணுவாங்க.